மாணவர் எழுத்தை மதிப்பிடுதல்: மீள்சிந்தனைக் குறிப்பு, ஆய்வுக்கட்டுரை, பாடக்குறிப்பு ஆகியவற்றுக்கான மதிப்பீட்டுச் சட்டகங்கள்

ஆய்வுச் சுருக்கம்

தமிழாசிரியர் கல்வியில் மாணவர் எழுதும் மீள்சிந்தனைக் குறிப்பு, ஆய்வுக்கட்டுரை, பாடக்குறிப்பு ஆகிய மூன்றையும் மதிப்பிடுவதற்கு ரூப்ரிக் எனப்படும் மதிப்பீட்டுச் சட்டகத்தை எவ்வாறு அமைப்பது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மூன்று எழுத்து வகைகளும் வெவ்வேறு திறன்களுக்குச் சான்றாவன; ஆதலின் ஒரே சட்டகம் மூன்றுக்கும் பொருந்தாது என்பதும், மொழித் திருத்தம் பற்றிய தீர்ப்பைச் சிந்தனை பற்றிய தீர்ப்பிலிருந்து பிரித்து வைப்பதே தமிழ்ச் சூழலில் சட்டகம் ஆற்றத்தக்க முதற்பணி என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. நன்னூலின் பொதுப்பாயிரம் கூறும் தர அளவைகள் இவ்விவாதத்திற்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மதிப்பீட்டுச் சட்டகம், மதிப்பீட்டுக் கூறு, நிலை விளக்கம், மீள்சிந்தனை, பாடக்குறிப்பு, நன்னூல், மதிப்பீட்டாளர் ஒப்புமை.

1. முன்னுரை

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கல்வியியல் இளநிலைப் பட்டப்படிப்பை ஈராண்டுப் படிப்பாக மாற்றியமைத்தன. பள்ளிசார் களப்பணிக்கு இருபது வாரங்களை ஒதுக்கின. இம்மாற்றத்தால் மாணவ ஆசிரியர் எழுதும் எழுத்தின் அளவும் வகையும் பெருகின. தேர்வு விடைத்தாளோடு பாடக்குறிப்பேடு, வகுப்பறை அனுபவம் பற்றிய மீள்சிந்தனைக் குறிப்பு, பாடப்பொருள் சார்ந்த கட்டுரை ஆகியவையும் அகமதிப்பீட்டில் இடம்பெறுகின்றன.

விடைத்தாளுக்கு விடைக்குறிப்பு உண்டு. இவ்வெழுத்துகளுக்கு அத்தகைய குறிப்பு இருக்க இயலாது. ஒவ்வொரு மாணவரின் எழுத்தும் தனக்கென ஒரு போக்கை உடையது. இந்நிலையில், 'கருத்துச் செறிவு போதாது', 'நடை நன்று', 'இன்னும் ஆழம் தேவை' என்னும் குறிப்புகளே மதிப்பெண்ணுக்கு அடிப்படையாகின்றன. ஆழம் என்பது எதனால் ஆவது, செறிவு எங்கே குறைந்தது என்னும் வினாக்களுக்கு இக்குறிப்புகள் விடை தருவதில்லை. மதிப்பெண் பெற்றவர் அடுத்த எழுத்தில் எதனை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை அறியாமலேயே அடுத்த எழுத்துக்குச் செல்கிறார். இச்சிக்கலுக்கு மதிப்பீட்டுச் சட்டகம் எந்த அளவுக்குத் தீர்வாகும் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

2. ஒரே எழுத்து, பல மதிப்பெண்கள்

எழுத்தை மதிப்பிடுவோரிடையே காணப்படும் வேறுபாடு நூற்றாண்டுக்கு முன்பே அளந்து காட்டப்பட்டது. அமெரிக்க ஆய்வாளர்களான டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் ஆகியோர் 1912இல் வெளியிட்ட ஆய்வில், உயர்நிலைப்பள்ளி மாணவர் இருவரின் ஆங்கில விடைத்தாள்களைப் பல பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அனுப்பி மதிப்பெண் பெற்றனர். நூற்றுக்கு 64 முதல் 98 வரை ஒரு தாளுக்கும், 50 முதல் 97 வரை மற்றொரு தாளுக்கும் மதிப்பெண்கள் வந்தன. மாணவர் தேர்ச்சி பெறுவதும் பெறாததும் தாள் யார் கைக்குச் செல்கிறது என்பதைப் பொறுத்ததாயிற்று.

பால் டீடரிக், ஜான் ஃபிரெஞ்ச், சிடெல் கார்ல்டன் ஆகியோர் 1961இல் வெளியிட்ட ஆய்வு இதனினும் ஒரு படி மேலே சென்றது. 300 கட்டுரைகளைப் பல துறைகளைச் சார்ந்த 53 பேர் படித்து ஒன்பது தரங்களுள் ஒன்றை வழங்கினர். கட்டுரைகளுள் 94 விழுக்காடு ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட வெவ்வேறு தரங்களைப் பெற்றன. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்ந்தபோது, மதிப்பீட்டாளர்கள் கவனக்குறைவால் வேறுபடவில்லை என்பது புலனாயிற்று. சிலர் கருத்தையும், சிலர் அமைப்பையும், சிலர் சொல்லாட்சியையும், சிலர் எழுத்துப்பிழை முதலிய மொழித் திருத்தத்தையும், சிலர் எழுதுபவரின் தனித்தன்மையையும் முதன்மையாகக் கொண்டு படித்திருந்தனர். ஒவ்வொருவரும் ஒரு பொருளை நேர்மையாக அளந்தனர். அவர்கள் அளந்த பொருள்கள்தாம் வேறு. எதனை அளக்கிறோம் என்பதை முன்கூட்டியே உடன்பட்டுக்கொள்ளுதல் என்னும் சட்டகத்தின் அடிப்படைத் தேவை இங்கிருந்தே தோன்றுகிறது.

3. நன்னூல் காட்டும் இரு அளவைகள்

எழுத்தின் தரத்தைக் கூறுகளாகப் பகுத்துரைக்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று. பவணந்தி முனிவரின் நன்னூல், பொதுப்பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் தொகுத்துரைக்கிறது. கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் முதலிய குற்றங்கள் இன்றைய மாணவர் கட்டுரைக்கும் அப்படியே பொருந்துவன. இவை எழுத்தைப் பற்றிய கூறுகள். எழுதுபவரைப் பற்றியன அல்ல.

எனினும் இப்பட்டியலை மட்டும் கொண்டு மதிப்பிடப் புகுந்தால் ஒரு தடை எழுகிறது. குன்றக் கூறல் குற்றம். சுருங்கச் சொல்லல் அழகு. ஒரு பக்க அளவிலான கட்டுரையை ஒருவர் சுருக்கம் என்று பாராட்டவும் மற்றொருவர் குறைவு என்று கடியவும் இடமுண்டு. இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையைப் பட்டியல் கூறுவதில்லை. கற்றோர் அவையின் பொது உணர்வு அதனைக் கூறிற்று. அவையினர் ஒரே மரபில் பயின்றவராய் இருந்தவரை அவ்வுணர்வு போதுமானதாயிற்று. வெவ்வேறு பின்னணியிலிருந்து மதிப்பீட்டாளர்களும் மாணவர்களும் வரும் இன்றைய வகுப்பறையில் அவ்வெல்லையை எழுதி வைக்க வேண்டியுள்ளது.

அதே பாயிரம் மாணாக்கரை மூன்று நிலைகளில் வைக்கிறது. அன்னமும் ஆவும் தலைமாணாக்கருக்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கருக்கும், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியன கடைமாணாக்கருக்கும் உவமைகள். இங்கு நிலைகள் உள்ளன. ஒவ்வொரு நிலைக்கும் கண்முன் நிற்கும் விளக்கமும் உள்ளது. ஆனால் தரப்படுத்தப்படுவது எழுத்தன்று, ஆள்.

ஆகவே, எழுத்துக்குக் கூறுகள் உண்டு, நிலைகள் இல்லை. ஆளுக்கு நிலைகள் உண்டு. இன்றைய சட்டகம் இவ்விரண்டையும் இணைத்து, எழுத்தின் ஒவ்வொரு கூறுக்கும் நிலைகளை அமைக்கிறது. கடைநிலை எழுத்தை எழுதியவர் கடைமாணாக்கர் ஆகிவிடுவதில்லை. அடுத்த எழுத்தில் அவர் மேல்நிலை எய்தலாம் என்பதே இவ்விணைப்பின் கல்வியியல் பயன்.

4. சட்டகத்தின் உறுப்புகள்

செந்நிற மண்ணைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்து, ஏடுகளில் சிவப்பு மையில் எழுதப்பட்ட தலைப்பைக் குறித்துப் பின்னர் மதிப்பீட்டுக் கருவியைச் சுட்ட வந்த சொல் ரூப்ரிக். ஜேம்ஸ் பாப்பம் 1997இல் எழுதிய கட்டுரையில் இதற்கு மூன்று இன்றியமையா உறுப்புகளைக் கூறினார். மதிப்பீட்டுக் கூறுகள், ஒவ்வொரு கூறின் தர விளக்கங்கள், மதிப்பெண் வழங்கும் முறை என்பன அவை. கூறுதோறும் தனித்தனியே மதிப்பிடுவது பகுப்புமுறை. எழுத்தை முழுமையாக நோக்கி ஒரே தரம் வழங்குவது முழுமைமுறை.

இம்மூன்றனுள் பெரிதும் பிழைபடுவது தர விளக்கமே. 'மிகச் சிறப்பு, சிறப்பு, நடுத்தரம், குறைவு' என நான்கு கட்டங்களை இட்டு, 'கருத்துகள் மிகச் சிறப்பாக உள்ளன', 'கருத்துகள் சிறப்பாக உள்ளன' என்று நிரப்புவது வழக்கமாகியுள்ளது. இவ்வாறு அடைமொழியை மட்டும் மாற்றி எழுதப்படும் சட்டகம், பழைய மதிப்பெண்ணைக் கட்டத்துக்குள் அடைத்ததேயன்றி வேறன்று. நிலை விளக்கம் எழுத்தில் காணத்தக்க ஒன்றைச் சுட்ட வேண்டும். ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடையே எது புதிதாகத் தோன்றுகிறது என்பதை அது கூற வேண்டும்.

5. மீள்சிந்தனைக் குறிப்பு

நெவில் ஹேட்டன், டேவிட் ஸ்மித் ஆகியோர் 1995இல் ஆசிரியர் கல்வி மாணவரின் எழுத்துகளை ஆராய்ந்து நான்கு வகைகளைப் பிரித்தனர்: நிகழ்ந்ததை மட்டும் கூறும் விவரிப்பு, காரணம் கூறும் விவரிப்பு, பல காரணங்களைத் தம்முள் எடைபோடும் உரையாடல்முறைச் சிந்தனை, நிகழ்வைச் சமூக, வரலாற்றுச் சூழலில் வைத்துக் காணும் ஆய்நோக்கு. இவ்வகைப்பாட்டின் துணையால் நிலைகளைக் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகளாக எழுத முடிகிறது.

குற்றியலுகரம் கற்பித்த ஒரு வகுப்பைக் கொள்வோம். கீழ்வருவன விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட தொடர்கள்.

நிலை 1: 'இன்று குற்றியலுகரம் நடத்தினேன். மாணவர்கள் ஆர்வமுடன் கவனித்தனர். ஒருவர் மட்டும் பசு என்பதைக் குற்றியலுகரம் என்றார்.'

நிலை 2: 'ஒருவர் பசு என்பதைக் குற்றியலுகரம் என்றார். அவர் விதியைச் சரியாகக் கேட்கவில்லை.'

நிலை 3: 'வல்லின மெய்யின்மேல் ஏறி ஈற்றில் வரும் உகரம் என்னும் பாதி விதியை அவர் சரியாகவே பயன்படுத்தினார். தனிக்குறிலை அடுத்து வந்தால் குறுகாது என்னும் மறுபாதியைக் கவனிக்காமல் போயிருக்கலாம். அல்லது நான் கரும்பலகையில் எழுதிய சொற்கள் அனைத்தும் குற்றியலுகரமாகவே இருந்ததால் மறுபாதி தேவைப்படாமல் போயிருக்கலாம்.'

நிலை 4: 'இரண்டாம் காரணமே வலியது எனக் கருதுகிறேன், ஏனெனில் அது என்னும் சொல்லைக் கேட்டபோதும் பலர் அவ்வாறே கூறினர். எடுத்துக்காட்டை மட்டும் தந்து எதிர்க்காட்டைத் தராத முறையில்தான் நானும் இலக்கணம் பயின்றேன். அடுத்த வகுப்பில் காசு, பசு என இணைகளாகத் தந்து விதியை மாணவரே கூறச் செய்வேன்.'

நான்கிலும் மொழித்தரம் ஒன்றே. வேறுபடுவது சிந்தனையின் போக்கு. இரண்டாம் நிலையில் ஒரு காரணம் தோன்றுகிறது. மூன்றாம் நிலையில் போட்டியிடும் காரணங்கள் தோன்றுகின்றன. நான்காம் நிலையில் சான்றைக் கொண்டு ஒன்றைத் தேர்தலும், தாம் பயின்ற மரபையே வினாவுக்கு உட்படுத்தலும், அடுத்த செயலும் தோன்றுகின்றன. இவ்வேறுபாட்டை மாணவருக்கு எடுத்துக்காட்ட முடியும். 'ஆழம் தேவை' என்னும் குறிப்பால் அது முடியாது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மீள்சிந்தனைக்கு மதிப்பெண் உண்டு எனத் தெரிந்தவுடன், நடவாத தவற்றைப் புனைந்து திருந்தியதாக எழுதும் போக்கு உருவாகும். உணர்ச்சி வெளிப்பாட்டையோ தவற்றை ஒப்புக்கொள்வதையோ ஒரு கூறாக வைக்கும் சட்டகம் இப்போக்கை வளர்க்கும். ஆதலின் வகுப்பில் உண்மையாகக் கிடைத்த சான்று, அதாவது மாணவர் கூறிய விடை, குறிப்பேட்டில் எழுதிய தொடர், கேட்ட வினா ஆகியவற்றுள் ஒன்றேனும் சிந்தனைக்கு அடிப்படையாக உள்ளதா என்பதையே கூறாக்குதல் நலம். வெற்றி பெற்ற வகுப்பைப் பற்றியும் நான்காம் நிலைக் குறிப்பு எழுத இயலவேண்டும்.

6. ஆய்வுக்கட்டுரை

ஆய்வுக்கட்டுரையில் சான்றாவது வாதம். ஆய்வு வினா, சான்று, வாத ஒழுங்கு, மூலங்களைக் கையாளுதல், மொழி எனும் ஐந்து கூறுகள் பெரும்பாலும் போதும். தமிழியல் கட்டுரைக்கே உரிய கூறு நான்காவது. தொல்காப்பிய நூற்பாவுக்கு இளம்பூரணர் கூறும் பொருளை நூலாசிரியர் கூற்றாகவே எடுத்தாளும் வழக்கம் மாணவரிடையே காணப்படுகிறது. மூலமும் உரையும் வேறு என்னும் உணர்வு ஆய்வின் தொடக்கப்படி. இதனை நிலைகளாக இவ்வாறு எழுதலாம்.

நிலை 1: மூலம் சுட்டப்படவில்லை, அல்லது வழிநிலை நூலிலிருந்து எடுத்தது மூலம்போல் காட்டப்படுகிறது.
நிலை 2: மூலம் சுட்டப்படுகிறது, ஆனால் மூலக் கூற்றும் உரையாசிரியர் கூற்றும் பிரிக்கப்படவில்லை.
நிலை 3: மூலமும் உரையும் பிரிக்கப்படுகின்றன, பயன்படுத்திய பதிப்பு தெளிவாக உள்ளது.
நிலை 4: உரை வேறுபாடு அல்லது பாடவேறுபாடு கட்டுரையின் முடிவை எவ்வாறு பாதிக்கும் என்பது ஆராயப்படுகிறது.

'மேற்கோள்கள் போதிய அளவில் உள்ளனவா' என எண்ணிக்கையைக் கேட்கும் சட்டகம், மேற்கோளைக் குவிக்கும் கட்டுரைக்கே உயர்நிலை வழங்கும். மேலே கண்ட விளக்கம், குறைந்த மேற்கோளை நன்கு ஆராய்ந்த கட்டுரைக்கும் உரிய இடம் தருகிறது.

7. பாடக்குறிப்பு

பாடக்குறிப்பு பிறர் படிப்பதற்கான எழுத்தாக மட்டும் நிற்பதில்லை. அது செயலுக்கான திட்டம். அதன் தரம் உறுப்புகளுக்கு இடையிலான இயைபில் உள்ளது. நோக்கம் 'குற்றியலுகரச் சொற்களை இனங்கண்டு காரணம் கூறுவர்' என்று அமைய, வகுப்பின் இறுதியில் 'குற்றியலுகரம் எத்தனை வகைப்படும்?' என்று வினவப்படுமாயின், நோக்கம் பகுத்தறியும் திறனைக் கேட்கிறது. வினா நினைவாற்றலைச் சோதிக்கிறது. எஃகு, கதவு, வரகு, பசு, பந்து, மார்பு, காசு, அது, பாட்டு என்னும் ஒன்பது சொற்களைத் தந்து பிரிக்கச் செய்து காரணம் கேட்டிருந்தால் இரண்டும் இயைந்திருக்கும். அவற்றுள் ஆறு, குற்றியலுகரத்தின் ஆறு வகைகளுக்கும் ஒவ்வொன்றாக அமைவன. எஞ்சிய மூன்றும் எதிர்க்காட்டுகள்.

இங்கு மதிப்பெண் கூட்டும் முறையும் சிக்கலாகிறது. நோக்கம், முன்னறிவு, செயல்பாடு, துணைக்கருவி, நோக்கத்துக்கும் மதிப்பீட்டுக்குமான இயைபு என ஐந்து கூறுகளுக்குத் தலா நான்கு புள்ளிகள் எனக் கொள்வோம். முதல் நான்கிலும் முழுப்புள்ளி பெற்று இயைபில் ஒரு புள்ளி மட்டும் பெறும் பாடக்குறிப்பு, இருபதுக்குப் பதினேழு, அதாவது 85 விழுக்காடு பெறும். மாணவர் கற்றனரா என்பதை அறிய வழியில்லாத திட்டம் சிறந்த திட்டமாகப் பதிவாகிறது. ஒரு கூறின் குறையை மற்றொரு கூறின் நிறைவு ஈடுசெய்ய இயலாத இடத்தில் கூட்டுத்தொகை பொய்யுரைக்கும். எனவே இயைபில் குறைந்தது இரண்டாம் நிலையை எய்தாத பாடக்குறிப்பு, மதிப்பெண் வழங்கப்படாமல் திருத்தத்துக்குத் திருப்பப்படும் என்னும் விதி சட்டகத்தில் இடம்பெற வேண்டும்.

8. மொழித் திருத்தமும் சிந்தனையும்

எட்வர்ட் தார்ண்டைக் 1920இல், படைத்துறையில் மேலதிகாரிகள் தம் கீழுள்ளோரை மதிப்பிட்ட முறையை ஆராய்ந்தார். அறிவு, உடலமைப்பு, தலைமைப்பண்பு, ஒழுக்கம் எனத் தனித்தனியே கேட்கப்பட்ட தரங்கள் தம்முள் நம்பத்தகாத அளவுக்கு ஒத்திருந்தன. ஒரு பண்பு பற்றிய மனப்பதிவு பிற பண்புகளின்மேலும் படர்கிறது என்பது அவர் கண்டது. இது ஒளிவட்ட விளைவு எனப்படுகிறது.

தமிழ் எழுத்தை மதிப்பிடுகையில் இவ்விளைவுக்கு இடம் மிகுதி. பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் இடையே அகன்ற இடைவெளி உள்ளது. வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும், லகர ளகர ழகர வேறுபாடும், ரகர றகர வேறுபாடும் கண்ணில் முதலில் படுவன. முதல் பத்தியில் மூன்று சந்திப்பிழைகளைக் கண்ட மதிப்பீட்டாளரின் மனத்தில் 'இவர் சிந்தனையும் இப்படித்தான்' என்னும் பதிவு உருவாகிவிடும். அதன் எதிர்நிலையும் உண்டு: செப்பமான தொடர்கள், உள்ளே ஒன்றும் இல்லாத குறிப்பை ஆழமுடையதாகக் காட்டும். வீட்டிலும் ஊரிலும் எழுத்து வழக்கோடு பழகும் வாய்ப்புக் குறைந்த மாணவர், ஒரே குறைக்கு ஐந்து கூறுகளிலும் மதிப்பெண் இழக்கிறார். தம் சிந்தனையில் குறை உள்ளது என்னும் தவறான செய்தியையும் அவர் பெறுகிறார்.

தமிழாசிரியராக வருபவரிடம் மொழித் திருத்தத்தை எதிர்பார்ப்பது முறையே. அவ்வெதிர்பார்ப்பைத் தளர்த்த வேண்டியதில்லை. அதற்குரிய கூறில் மட்டும் வைத்தல் வேண்டும். ஆய்வுக்கட்டுரையிலும் பாடக்குறிப்பிலும் மொழி தனிக்கூறாகி உரிய எடையைப் பெறட்டும். மீள்சிந்தனைக் குறிப்பில் பொருள் தெளிவாகப் புலப்படுகிறதா என்பது மட்டும் நோக்கப்படட்டும். பிழைகள் சுட்டப்படலாம், மதிப்பெண் குறைய வேண்டியதில்லை. முதல் வாசிப்பில் சிந்தனைக் கூறுகளை மதிப்பிட்டு முடித்த பின்னரே சிவப்பு மையைக் கையில் எடுப்பது எளிய காப்பாகும்.

9. மதிப்பீட்டாளர் ஒப்புமை

சட்டகத்தை எழுதுவதால் மட்டும் ஒப்புமை பிறந்துவிடாது. மாணவர் எழுத்துகளுள் சிலவற்றை மதிப்பீட்டாளர்கள் தனித்தனியே மதிப்பிட்டு, வேறுபட்ட இடங்களை எழுத்தில் உள்ள தொடர்களைச் சுட்டி விவாதித்து, நிலை விளக்கங்களைத் திருத்தியமைத்தல் வேண்டும்.

ஒப்புமையை அளப்பதற்கு ஜேக்கப் கோஹன் 1960இல் அறிமுகப்படுத்திய காப்பா கெழு பயன்படும். விளக்கத்துக்கு ஒரு கணக்கு: இருவர் 20 குறிப்புகளை மதிப்பிட்டு 14இல் ஒத்த நிலை வழங்கினர் எனக் கொள்வோம், கண்ட ஒப்புமை 0.70. முதலாமவர் நான்கு நிலைகளிலும் முறையே 2, 6, 8, 4 குறிப்புகளையும், இரண்டாமவர் 2, 8, 6, 4 குறிப்புகளையும் வைத்திருந்தால், தற்செயலாகவே அமையக்கூடிய ஒப்புமை 0.29. கண்ட ஒப்புமையிலிருந்து தற்செயல் ஒப்புமையைக் கழித்து, எஞ்சிய 0.41ஐ ஒன்றிலிருந்து 0.29ஐக் கழித்த 0.71ஆல் வகுக்கக் காப்பா ஏறத்தாழ 0.58 ஆகிறது. எழுபது விழுக்காடு என்னும்போது உயர்ந்ததாகத் தோன்றும் ஒப்புமை, தற்செயலை நீக்கிய பின் நடுத்தரமாகவே நிற்கிறது. கூறுதோறும் இதனைக் கணக்கிட்டால் எக்கூறின் விளக்கம் தெளிவற்றது என்பது புலப்படும்.

10. சட்டகத்தின் எல்லை

சட்டகத்துக்கு மறுப்பும் உண்டு. லிண்டா மாப்ரி 1999இல், மாணவர் சட்டகத்துக்காகவே எழுதத் தொடங்குவதையும், கட்டத்துக்குள் அடங்காத எழுத்து மதிப்பிழப்பதையும் சுட்டினார். ராய்ஸ் சாட்லர், தரம் என்பதை முன்கூட்டியே முழுமையாகச் சொற்களில் வடித்துவிட இயலாது எனத் தம் கட்டுரைகளில் வாதிட்டுள்ளார். இம்மறுப்புகள் புறந்தள்ளத் தக்கன அல்ல. நன்னூலார் காலத்து அவையின் பொது உணர்வு போல, இன்றும் தர உணர்வு பல எழுத்துகளைப் பயின்று ஒப்பிடுவதால் வளர்வதே. ஆதலின் சட்டகத்தோடு ஒவ்வொரு நிலைக்குமான மாதிரி எழுத்தையும் மாணவருக்கு வழங்குதலும், மாணவரே ஒருவர் எழுத்தை மற்றவர் சட்டகத்தின் துணையோடு மதிப்பிட்டுப் பழகுதலும் வேண்டும். சட்டகத்தில் அடங்காச் சிறப்புடைய எழுத்து வருமாயின் மதிப்பீட்டாளர் அதனைத் தனியே பதிவுசெய்ய இடமிருத்தல் வேண்டும். அப்பதிவே அடுத்த ஆண்டுச் சட்டகத்தைத் திருத்தும் சான்றாகும்.

11. முடிவுரை

இவ்வாய்வில் பெறப்படுவன வருமாறு: மீள்சிந்தனைக் குறிப்பில் காரணங்களை எடைபோடும் போக்கும், ஆய்வுக்கட்டுரையில் சான்றைக் கையாளும் முறையும், பாடக்குறிப்பில் உறுப்புகளின் இயைபும் முதன்மைக் கூறுகள், ஆதலின் சட்டகங்கள் தனித்தனியே அமைதல் வேண்டும். நிலை விளக்கங்கள் அடைமொழியால் வேறுபடாமல், எழுத்தில் காணத்தக்க பண்பால் வேறுபட வேண்டும். ஈடுசெய்ய இயலாத கூறுகளுக்குக் குறைந்தபட்ச நிலை விதிக்கப்பட வேண்டும். மொழித் திருத்தம் தனக்குரிய கூறில் மட்டும் மதிப்பிடப்பட வேண்டும்.

இன்று மதிப்பெண் பெறும் மாணவ ஆசிரியர் நாளை பள்ளியில் மதிப்பெண் வழங்குபவர். தம் எழுத்து எவ்வாறு மதிப்பிடப்பட்டதோ அவ்வாறே அவர் பிறர் எழுத்தை மதிப்பிடக் கற்கிறார். சந்திப்பிழைக்கு அப்பால் உள்ள சிந்தனையைக் காணும் கண்ணை அவருக்கு அளிப்பது தமிழாசிரியர் கல்வியின் கடமை.